ருவீனா சரிவைப் பற்றி நான்கு பக்கங்கள்

சுர்வால்
மே 14, 1984

அன்புள்ள மெஞ்சியாவுக்கு,

முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று மடத்துப் பள்ளியில் கன்னியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அந்த வரிசையை மாற்றுகிறேன். சில பேச்சுகளை அவை ஊரைச் சுற்றி வருவதற்குள் திருத்திவிட வேண்டும்.

மலைமேல் இருக்கும் வேட்டைக் குடிலின் சாவியை நான் உனக்குத் தர மறுத்துவிட்டதாக இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். தபால் அலுவலகத்தில் நெசா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "என்ன அகாதாக்கா, கூடப் பொறந்த தங்கச்சிக்கு ஒரு சாவி குடுக்க மனசு வரலையாமே?" நான் மறுக்கவில்லை. ஈஸ்டர் அன்று நீ கேட்டபோது, பனி உருகிய பிறகு கூரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பொறுப்புள்ள எவரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் பொறாமைப்படுகிறேன் என்றும் பேச்சு. பொறாமை என்பது தன்னிடம் இல்லாத ஒன்றின்மேல் வருவது. குடில் என்னுடையது. உன் அத்தான் லுரென் தன் கையால் கட்டி, தான் சாகும்போது என் பெயருக்கு விட்டுப்போனது. என் பொருளின்மேல் நானே எப்படிப் பொறாமைப்படுவேன்?

அறுபத்தொரு வயதில் வேட்டைத் தேர்வு எழுதித் தேறியதற்கு என் வாழ்த்து. ரயில் நிலையத்தில் உட்கார்ந்து பயணச்சீட்டு கொடுத்தே தலை நரைத்தவள், இனி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தன் முதல் கமூச் காட்டாட்டைச் சுட மலையேறப் போகிறாள் என்பதை இந்த ஊர் ஜீரணிக்கக் கொஞ்ச நாள் ஆகும். யாரோடு போகிறாய் என்று நீ சொல்லவில்லை. தனியாகப் போகமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இரத்த அழுத்தம் பரவாயில்லை. தோட்டத்தில் கீரை தலைகாட்டிவிட்டது.

கடவுள் துணை உனக்கு இருக்கட்டும்.
உன் அக்கா,
அகாதா


கூர் நகர்
மே 23

அன்புள்ள அக்கா,

முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடிப்படியில் மட்டும் முனகும். உன் இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைத்துக்கொள், நெசாவையும் குறைத்துக்கொள்.

யாரோடு என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன்? பிளாட்சியோடுதான். அத்தானோடு முப்பது பருவம் மலையேறியவர் வேறு யார் இருக்கிறார்? வியாழக்கிழமைதோறும் ரயிலில் இங்கே வந்து, சுடும் திடலில் எனக்குப் பழக்குகிறார். போன வாரம் ஐந்து குண்டில் நான்கு வட்டத்துக்குள் விழுந்தன. ஐந்தாவது எங்கே என்று கேட்டேன்.

"அது இந்நேரம் இத்தாலி எல்லையத் தாண்டியிருக்கும். நீ சுடும்போது கண்ண மூடிக்கிற, மெஞ்சியா."

"மூடல. இமைச்சேன்."

"டிக்கெட்டுல முத்திர குத்தும்போதும் இப்படித்தான் இமைச்சியா? எத்தன பேர் தப்பான ஊர்ல எறங்கி நின்னாங்களோ, பாவம்."

திட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. செப்டம்பரில் வேட்டைப் பருவம் திறந்ததும் மூன்று நாள். முதல் நாள் குடில் வரை ஏறுவது. மறுநாள் விடியுமுன் ருவீனா சரிவு. அதற்கடுத்த நாள் இறக்கம், ஆட்டோடோ வெறுங்கையோடோ. அதற்கு மேல் என் முழங்காலும் அவர் முதுகும் தாங்காது. பிளாட்சியின் வழக்கமான கிழக்கு முகடு எனக்குச் செங்குத்து. அதனால்தான் அத்தானின் சரிவு.

சாவி வேண்டும், அக்கா. கூரையைப் பிளாட்சி போய்ப் பார்த்துவிட்டார், ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சூப் சாப்பிட வரும்போது எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

முத்தங்களுடன்,
மெஞ்சியா


சுர்வால்
ஜூன் 11

அன்புள்ள மெஞ்சியாவுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு ஆர்னிகா தைலம் நல்லது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கு, சந்தையில் வாங்காதே.

பிளாட்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டு முறையும் இரண்டு தட்டு சூப் குடித்தார். பங்குத்தந்தையின் பசுவுக்குக் குளம்பில் புண் என்று விரிவாகச் சொன்னார். கூர் நகரைப் பற்றியோ சுடும் திடலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வியாழக்கிழமைகளில் பல் வைத்தியரைப் பார்க்கப் போகிறாராம். அவர் வாயில் மிச்சம் இருக்கும் பற்களுக்கு இத்தனை வியாழக்கிழமைகள் தேவையில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். அவர் எப்போதிலிருந்து உன்னை "நீ" என்கிறார்? லுரெனின் நண்பராக என் மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவர் இன்றுவரை என்னை "அண்ணி, நீங்க" என்றுதான் சொல்கிறார்.

சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உறையை நெசா எடை போட்டாள், தடவியும் பார்த்தாள். ஆகையால் நான் கொடுத்துவிட்டேன் என்பது இந்நேரம் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எடுத்துப்போக வேண்டியதைச் சொல்கிறேன். காலுறை கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். உலர்ந்த இறைச்சியைக் கீழேயே மெல்லியதாகச் சீவிக்கொண்டு போ, மேலே விரல் விறைத்துவிடும். கம்பு ரொட்டி, கெட்டிப் பாலாடைக்கட்டி, சர்க்கரைக் கட்டிகள். ஒரு மாற்றுச் சட்டை, அதை அடியில் வைக்காமல் மேலே வை, வியர்வையோடு குடிலுக்குள் நுழைந்ததும் மாற்றுவதற்கு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. முப்பத்தெட்டு வருடம் அந்தப் பையைக் கட்டியது நான். நான் கட்டிய பை ஒவ்வொரு செப்டம்பரிலும் மேலே போனது. நான் குடிலைத் தாண்டி ஓர் அடி போனதில்லை. லுரென் ஒருமுறையும் கூப்பிடவில்லை, நானும் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவள் அல்ல.

குடிலில் இரண்டு படுக்கை, நடுவில் ஓர் அடுப்பு. ஊர் என்ன பேசும் என்று நான் எழுதப்போவதில்லை.

செபத்தில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.
அகாதா


கூர் நகர்
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

சாவி வந்தது, தைலமும் வாங்கினேன். உனக்கு நன்றி. கோடை வெயிலில் தோட்டத்தில் அதிக நேரம் குனியாதே, போன வருடம் போல மயக்கம் வரும்.

ஊர் பேசட்டும். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் ஆயருக்கே சிரிப்பு வரும். ஆளுக்கொரு மூலையில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். "நீ" என்று எப்போதிலிருந்து அழைக்கிறார் என்று கேட்டாய். அவருடைய தொப்பியை நான் சுட்ட நாளிலிருந்து. திடலில் கம்பத்தில் மாட்டியிருந்தார். அதற்குப் பிறகு மரியாதை குறைந்துவிட்டது.

பைன் கிளை பற்றியும் சொல்லிக்கொடுத்தார். முதல் ஆடு விழுந்ததும் கூட இருப்பவர் ஒரு சிறு கிளையை ஒடித்து, தன் தொப்பிமேல் வைத்து நீட்ட வேண்டும். நான் அதை எடுத்து என் தொப்பியில் செருகிக்கொண்டு ஊருக்குள் இறங்க வேண்டும். உன் வாசல் வழியாகத்தானே பாதை? வெளியே வந்து நில், அக்கா. நீ பார்க்க வேண்டும்.

இனி முக்கியமானது. ருவீனா சரிவைப் பற்றிப் பிளாட்சிக்கு எதுவும் தெரியாது. அவர் கிழக்கு முகட்டில், அத்தான் ருவீனாவில். மாலையில் ஒரே பானையில் சாப்பிட்டார்களாம், ஆனால் யார் எங்கே படுத்திருந்தார், என்ன பார்த்தார் என்று ஒருவரிடம் ஒருவர் சொன்னதே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, இங்கே எந்த வேட்டைக்காரன் தன் சரிவைப் பற்றி வாய் திறக்கிறான், பெண்டாட்டியிடம் தவிர? "லுரென் உள்ள வெச்சிருந்தது மொத்தமும் அண்ணிகிட்டதான் இருக்கு. நான் கேட்டா மரியாதையா இருக்காது. நீ தங்கச்சி, நீ கேளு" என்கிறார்.

கேட்கிறேன். அத்தான் சொன்னதையெல்லாம் எனக்கு எழுது.

அன்புடன்,
மெஞ்சியா


கூர் நகர்
ஜூலை 30

அன்புள்ள அக்கா,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து பிளாட்சியிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழம சூப் நல்லாதான் இருந்துச்சு. கரண்டிய மட்டும் கொஞ்சம் வேகமா வெக்கறாங்க" என்றார். ஆக, நீ நலமாக இருக்கிறாய், கோபமாகவும் இருக்கிறாய்.

கோபம் இருந்தால் கோபத்தை எழுது. சரிவைப் பற்றியும் எழுது.

உன்
மெஞ்சியா


சுர்வால்
ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள்

அன்புள்ள மெஞ்சியாவுக்கு,

நான் கோபமாக இல்லை. தோட்ட வேலை இருந்தது. மூலிகையைக் காய வைத்தேன், ஊறுகாய் போட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வியாழக்கிழமைகளில் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

ருவீனா சரிவை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

குடிலிலிருந்து ஓடையோடு போகாதே. ஓடைப் பாதை இலகுவாகத் தெரியும், ஆனால் கூழாங்கல் உருண்டால் சத்தம் சரிவு முழுக்கக் கேட்கும். இடப்பக்கம், குட்டைப் பைன் புதர்களுக்கு மேலே, ஆட்டுத்தடம் ஒன்று போகிறது. ஒரு காலின் அகலம்தான். அதில் போ. முதல் வளைவில் மஞ்சள் பாசி படர்ந்த பாறை வரும், கதவைப் பாதி திறந்து வைத்ததுபோல நிற்கும். அதன் உட்புறமாகத் தவழ்ந்தால் ஒரு பள்ளம். தரை வறண்டிருக்கும், எந்த மழையும் அங்கே வருவதில்லை. அங்கே படுத்துக்கொள். முழங்கைக்கு வாட்டமாக ஒரு விளிம்பு இருக்கிறது. லுரெனின் முழங்கை தேய்த்த இடம் வழவழப்பாக இருக்குமாம்.

காற்று விடியும்வரை மேலிருந்து கீழே வரும், உன் முகத்தில் படும். எதிர் முகட்டில் வெயில் விழுந்ததும் திரும்பிவிடும். அதற்குப் பிறகு உன் வாசம் ஆடுகளுக்குப் போகும். ஆகவே அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பார்.

உனக்கு நேர் எதிரே கறுப்புப் பலகைப் பாறை. எப்போதும் ஈரம். அதில் கால் வைக்காதே, அவர் ஒருமுறை வைத்துத் தோளை ஒடித்துக்கொண்டார். பலகைக்குக் கீழே இடது மூலையில் விசிறிபோலப் புல் இருக்கிறது. ஆடுகள் அங்கேதான் வரும். முதலில் ஒரு பெட்டை தனியாக வரும். நின்று, தலையைத் தூக்கி, நான்கு பக்கமும் பார்த்துவிட்டு மேயத் தொடங்கும். அதன் முதுகில் ஒளி விழும்போது ரோமம் செம்பு நிறமாக இருக்கும் என்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்க்கும் கையை நிறுத்திவிடுவார்.

மற்ற மூன்று பக்கங்களில் இறங்கும் வழி, தண்ணீர், மூடுபனி வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன். இதற்கு மேல் என்னிடம் இல்லை.

திருநாள் ஆசீர் உனக்கும் உண்டாவதாக.
அகாதா


சுர்வால்
ஆகஸ்ட் 27

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். எதிர் வீட்டில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுவதற்கு நெசா என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் நான் கெட்டிக்காரன் அல்ல, பிழை இருந்தால் பொறுக்கவும்.

பல் வைத்தியர் என்று சொன்னது பொய். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். சொல்லாதது அதைவிட மோசமாகப் போயிற்று.

கேட்க வந்தது வேறு. ஒரு வருடம் லுரென் ருவீனாவில் பால் கொடுக்கும் பெட்டையைச் சுட்டுவிட்டார். நம் சட்டப்படி தானே வேட்டைக் காவலரிடம் தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்தார். பட்டப்பகலில், ஊர் நடுவே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்தார். குட்டி பிழைக்கவில்லை. அவ்வளவு கண் உள்ளவர் எப்படித் தவறினார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "அந்தச் சரிவுல குட்டிங்க ஒரு வேல பண்ணுதுங்க, பிளாட்சி" என்று மட்டும் சொன்னார். மேலே சொல்லவில்லை. உங்களிடம் சொல்லியிருப்பார்.

நீங்கள் எழுதியதை மெஞ்சியா எனக்குக் காட்டவில்லை. அது அக்கா தனக்கு எழுதியது என்கிறாள், அது சரிதான். குட்டிகளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறீர்களா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முதல் ஆடே அப்படி விழுந்தால் அவள் இரண்டாவது முறை துப்பாக்கியைத் தொடமாட்டாள். அவளை எனக்கு இப்போது ஓரளவு தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
பிளாட்சி


சுர்வால்
ஆகஸ்ட் 29

திரு. பிளாட்சி அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் பற்கள் குணமானதில் மகிழ்ச்சி.

தங்கைக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். தேவையானது எல்லாம் அதில் இருக்கிறது. அவளை எனக்கு அறுபத்தொரு வருடமாகத் தெரியும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் கிடையாது. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அகாதா


கூர் நகர்
செப்டம்பர் 7

அன்புள்ள அக்கா,

உன் நான்கு பக்கங்களையும் மனப்பாடமாகும்வரை படித்தேன். அத்தான் பேசுவதுபோலவே இருந்தது. நீ எழுதுகிறவள் என்பது எனக்குத் தெரியும், இப்படி எழுதுவாய் என்று தெரியாது. நன்றி. உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ கடைசிக் கடிதத்தில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை கிளம்புகிறோம். இன்னும் ஏதாவது நினைவுக்கு வந்தால் புதன்கிழமைத் தபாலுக்குள் போட்டுவிடு. அதற்கும் நேரமில்லை என்றால் நேரில் சொல். உன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், கதவைத் தட்டுவேன்.

உன்
மெஞ்சியா


கூர் நகர்
செப்டம்பர் 16

அக்கா,

உன் உடல்நலத்தை இன்று நான் விசாரிக்கப்போவதில்லை.

தட்டினேன். நீ திறக்கவில்லை. மாடி ஜன்னலில் திரை அசைந்தது. பிளாட்சி அண்ணாந்து பார்த்துவிட்டு "காத்து" என்றார். அன்றைக்குக் காற்று இல்லை.

மறுநாள் விடியுமுன் ருவீனாவில் இருந்தோம். எல்லாம் நீ எழுதியபடியே இருந்தது. ஆட்டுத்தடம், பாதி திறந்த கதவுபோலப் பாறை, வறண்ட பள்ளம். இருட்டில் தடவியபோது அத்தானின் முழங்கை தேய்த்த இடம் கைக்குக் கிடைத்தது. பிளாட்சி அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார், வேறொருவர் படுக்கையைத் தொட்டதுபோல.

வெளிச்சம் வந்ததும் பெட்டை வந்தது. தனியாக. நின்றது, நான்கு பக்கமும் பார்த்தது, மேய்ந்தது. முழங்கால் உயரப் புல், மடி தெரியவில்லை. துப்பாக்கியை முட்டுக்கொடுத்தேன். கை ஆடவில்லை, அக்கா. கண்ணும் இமைக்கவில்லை.

"குட்டி இல்ல. சுத்தமான பெட்ட. சுடு" என்றார் பிளாட்சி.

"இருங்க."

"என்னத்த இருக்கறது? வெயில் விழப்போகுது. காத்து திரும்பிடுச்சுன்னா அடுத்த வருஷம்தான்."

"இருங்கன்னா இருங்க."

"ஏ மெஞ்சியா, டிக்கெட் கவுன்ட்டர்லதான் ஆள காக்க வெப்பாங்க. ஆடு வரிசையில நிக்காது."

நான் ஏன் சுடவில்லை என்று உனக்குச் சொல்கிறேன். காற்று எழுதியிருந்தாய். பாறை, ஈரம், புல், செம்பு நிறம், எல்லாம் எழுதியிருந்தாய். சுடக்கூடாதது பற்றி ஒரு வரி இல்லை. பங்குத்தந்தையின் பிரசங்கத்தில் எது விட்டுப்போயிற்று என்று வெளியே வந்ததும் சொல்கிறவள் நீ. என் பையில் சட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று எழுதியவள் நீ. உனக்கு எதுவும் மறக்காது. அந்த நான்கு பக்கத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் குட்டி என்ற சொல்லே அதில் இல்லை என்பது உறைத்தது. அங்கே ஏதோ இருக்கிறது, நீ அதை எழுதவில்லை என்று புரிந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

வெயில் கறுப்புப் பலகைவரை இறங்கிற்று. பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. புல்லுக்கு ஓடிவந்து தாயின் அடியில் முட்டிப் பால் குடித்தது. அதற்குப் பின் இன்னொன்று, இன்னொன்று, பிறகு வந்த பெட்டைகளிடம். இராக்குளிருக்குப் பலகைக்குப் பின்னால் உள்ள பொந்தில் ஒட்டிக்கிடந்துவிட்டு வெயில் வந்தால்தான் வெளியே வருகின்றன. அதுவரை தாய்கள் குட்டி இல்லாதவைபோல மேய்கின்றன.

பிளாட்சி தொப்பியைக் கழற்றினார். அவர் முகம் சாம்பல்போல இருந்தது. "நான் சுடுன்னேனே" என்றார். பிறகு, "அண்ணி எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"எழுதியிருந்தா. அதனாலதான் இருங்கன்னேன்" என்றேன்.

உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். எனக்கு நீ பதில் சொல். எதற்காக? பிளாட்சிக்காகவா? அப்படியென்றால் கேட்டுக்கொள். சுடக் கற்றுத்தருகிறார், ஒரு பீர் குடிக்கிறார், ஐந்து மணி ரயிலுக்குப் போய்விடுகிறார். வண்டி ஏறும்வரை அத்தானைப் பற்றிப் பேசுகிறார். அவ்வளவுதான் எங்கள் வியாழக்கிழமை.

வெறுங்கையோடு இறங்கினோம். பருவம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இந்த மாத இறுதிக்குள் மறுபடி ஏறுகிறோம், ருவீனாவுக்கே. குட்டி இல்லாத பெட்டை எது என்று வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன், காற்று திரும்பினால் திரும்பட்டும். இனி நீ எதுவும் எழுதித்தர வேண்டாம். சரிவை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மெஞ்சியா


சுர்வால்
செப்டம்பர் 19

அன்புள்ள மெஞ்சியாவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். நான் தூங்கவில்லை, மற்றபடி நலம். உன் முழங்கால் இறக்கத்தைத் தாங்கிற்றா என்று நீ எழுதவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் பிளாட்சி வந்தார். சூப் கிடையாது என்று சொல்லியிருந்தும் வந்தார். வாசலிலேயே நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அண்ணி, உங்க எழுத்துதான் எங்க ரெண்டு பேர் மானத்தையும் காப்பாத்துச்சு. நான் அவசரப்பட்டேன். நீங்க எழுதுனத அவ ஞாபகம் வெச்சிருந்தா" என்றார். என்ன நடந்தது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சூப் ஊற்றினேன். அவர் கரண்டியை எடுத்ததும் சொன்னேன்: "நான் எழுதல, பிளாட்சி. தெரிஞ்சே எழுதல. உங்களுக்கு எழுதுனதும் பொய்." கரண்டியைக் கீழே வைத்தார். "லுரென் எப்ப சொன்னாரு உங்ககிட்ட?" என்று கேட்டார். "அந்த வருஷமே. அடுப்புகிட்ட உக்காந்து அழுதுகிட்டே சொன்னாரு" என்றேன். பிறகு கரண்டியை எடுத்து, ஆறிப்போன சூப்பைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். இனி வருவாரா என்று எனக்குத் தெரியாது. நீ எனக்காகச் சொன்ன பொய்யை நான் வைத்துக்கொள்ளவில்லை.

எதற்காக என்று கேட்டிருக்கிறாய். பிளாட்சிக்காக என்று நீ நினைப்பது தவறு. வியாழக்கிழமைகள் எனக்குப் பிடிக்கவில்லை, அது உண்மை. "நீ" என்பதும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக நான் ஒரு குட்டியைச் சாகவிட மாட்டேன்.

சரிவுக்காக. ஒவ்வொரு குளிர்காலமும் லுரென் அடுப்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்துக்கொண்டே அதைச் சொல்வார். நான் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டு கேட்பேன். அவர் என்னை அங்கே கூட்டிப்போகவில்லை, அதற்குப் பதிலாகச் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் திருப்தியாக இருந்தேன். நீ பைன் கிளையைப் பற்றி எழுதி, வாசலில் வந்து நிற்கச் சொன்னபோது திருப்தி போய்விட்டது. முப்பத்தெட்டு வருடம் காதால் கேட்டதை நீ ஒரே காலையில் கண்ணால் பார்த்துவிடுவாய். நான் அப்போதும் வாசலில்தான் நிற்பேன். அந்தச் சரிவில் எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். பெட்டை தனியாக வரும் என்று எழுதிய இடத்தில் பேனாவை நிறுத்தி யோசித்தேன். குட்டியைப் பற்றி யோசித்தேன், உன்னைப் பற்றியும் யோசித்தேன். பிறகு அடுத்த வரிக்குப் போனேன். நீ கதவைத் தட்டியபோதும் எனக்குக் கீழே இறங்கிவர நேரம் இருந்தது.

அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம்.

இன்னொன்றும் கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லாததால் இதற்குமுன் மூன்று தாள் வீணாயிற்று. மறுபடி ஏறும்போது நானும் வர விரும்புகிறேன். சுடுவதற்கு அல்ல. ருவீனாவைப் பார்க்க வேண்டும். கோடையில் குடில்வரை ரொட்டி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன், அதற்கு மேலே மெதுவாக வருவேன், உங்களைக் காக்க வைப்பேன். பள்ளத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று எனக்குத் தெரியும். நான் பாறைக்கு வெளியே இருந்துகொள்கிறேன். மருத்துவரிடம் கேட்டேன். சிரித்தார், கூடாது என்று சொல்லவில்லை.

நான் செய்ததற்குப் பிறகு என்னோடு மலையேற உனக்கு மனமில்லை என்றால், அதையும் நேராகச் சொல். பிளாட்சியோடு கலந்துபேசி முடிவு செய்யாதே, முடிவு உன்னுடையதாக இருக்கட்டும். தொலைபேசியில் கூப்பிடாதே. நெசாவின் மேசைமேல் இருக்கும் அந்தக் கருவியில் நான் பதில் சொல்ல முடியாது. வரலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

உன் அக்கா,
அகாதா